விலைக்கு வாங்கிய அச்சம்

திகிற் படங்களைப் பற்றிப் பேசுவதே இலக்கியக்காரருக்கு இழுக்கு என்று கருதுவோர் நம்மிடையே உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. மக்கள் இருட்டறையில் அமர்ந்து எதைக் கண்டு நடுங்குகின்றனர் என்பது, அவர்கள் வாழும் சமுதாயத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

குறைந்த செலவில் உருவான பழைய அமெரிக்கத் திகிற் படங்களை ஹொலிவூட் பெரும் பணம் கொட்டி மறுவாக்கம் செய்து வருகிறது. இவை மூலத்துக்கு ஈடாகுமா? பணமும் தொழில்நுட்பமும் பெருகினால் கலையும் வளரும் என்பர் ஒரு சாரார். பழையவை யாவும் பொன் என்பர் மறு சாரார். இரு சாராரும் பிரச்சினையின் வேரைக் காணவில்லை என்பதே நமது கருத்து.

1968 ஒக்டோபரில், ஜோர்ஜ் றொமேரோவும் அவரது பிற்ஸ்பேர்க் நண்பர்களும் ஏறக்குறைய 114,000 டொலர் செலவில் எடுத்த 'நைற் ஒவ் த லிவிங் டெட்' திரைக்கு வந்தது. பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்ன வருகின்றன. ஒரு பண்ணை வீட்டில் சிலர் அடைபட்டுக் கிடக்கின்றனர். விடியும்வரை போராடி உயிர் தப்புபவன் பென் என்னும் கறுப்பின இளைஞன். டியுவேன் ஜோன்ஸ் அப்பாத்திரத்தை ஏற்றார். விடிந்ததும், பிணங்களை வேட்டையாட வந்த வெள்ளையர் கூட்டம் அவனையும் பிணமென்று சுட்டு வீழ்த்துகிறது. இறைச்சிக் கொளுக்கிகளோடு வந்து உடலைத் தீயிலிடுகிறது. அதே ஆண்டு ஏப்ரலிலேதான் மாட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நடிப்புத் தேர்வில் சிறந்து நின்றமையாலேயே ஜோன்ஸைத் தெரிந்ததாக றொமேரோ கூறியுள்ளார். அதனாலென்ன? கலைஞன் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அவனது காலம் படைப்பினுள் புகுந்தே தீரும்.

1990இல் றொமேரோவே திரைக்கதை எழுத, டொம் சவினி இதனை 40 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செலவில், வண்ணத்தில் மறுவாக்கம் செய்தார். மூலத்தில் பேதலித்துக் கிடந்த பார்பரா இங்கு துப்பாக்கியேந்திப் போராடுகிறாள். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயின் பென் நிலவறையிலேயே இறந்து, பிணமாக எழுந்த பின்னரே சுடப்படுகிறான். உயிரோடிருந்த கறுப்பு மனிதனைக் கொன்ற கூட்டத்தின் மீது மூலம் சுமத்திய குற்றச்சாட்டு இவ்வாறு கைவிடப்பட்டது.

இதற்காகக் கலைஞரை மட்டும் நோவது நியாயமன்று. மூலப்படத்தின் பெயரை மாற்றிய வேளை விநியோகஸ்தர் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்கத் தவறினர். அதனால் படைத்தவர்கள் உரிமையை இழந்தனர். யார் யாரோ அதைக் காட்டிப் பணம் பண்ணினர். இழந்த வருவாயில் ஒரு பகுதியையேனும் மீட்பதும் இம்மறுவாக்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. தன் உழைப்பின் பலனைப் பெறக் கலைஞன் தன் படைப்பையே இரண்டாம் முறை விற்க நேர்ந்ததெனில், குற்றம் எங்கிருக்கிறது?

அடுத்து, 1974இல் வெளிவந்த டோப் ஹூப்பரின் 'டெக்சாஸ் செயின் சோ மசக்கர்'. ஒன்றரை இலட்சம் டொலரையும் எட்டாத செலவில் எடுக்கப்பட்ட படம் இது. இதில் வரும் கொலைகாரக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இறைச்சிக் கூடத்தில் உழைத்தவர்கள். சம்மட்டியின் இடத்தைப் புதிய இயந்திரம் பிடித்துக்கொண்டதால் பலர் வேலையிழந்ததாக, வழியில் வாகனத்தில் ஏறிக்கொண்ட ஒருவன் சொல்கிறான். அவன் அக்குடும்பத்தவனே. அவர்களது கொடுமையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அக்கொடுமைக்கு ஒரு வரலாறு உண்டென்பதை அப்படம் மறைக்கவில்லை.

2003இல் வந்த மறுவாக்கத்திற்கு 90 இலட்சம் டொலருக்கு மேல் செலவிடப்பட்டது. இரு படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே: டானியல் பேர்ல். கலைஞனின் கண் மாறவில்லை. ஆயினும் படம் மாறிவிட்டது. வேலையிழப்பைப் பற்றிப் பேசியவனின் இடத்தில், தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும் ஒரு பெண் வருகிறாள். முகமூடிக் கொலைகாரனின் கொடுமைக்குத் தோல்நோய் காரணமாகிறது. சமுதாயத்தின் நோய் தனிமனிதனின் நோயாகச் சுருங்கிவிட்டது. அமெரிக்கப் படைகள் ஈராக்கினுள் நுழைந்த ஆண்டில் வெளிவந்த இப்படம், 1973ஆம் ஆண்டிலே போய்த் தஞ்சம் புகுந்தது. அவ்வாண்டின் உடையை எடுத்துக்கொண்டது. அதன் துயரை விட்டுவிட்டது. உலகெங்கும் 10 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது!

அப்படியாயின் மறுவாக்கம் எதுவுமே மூலத்துக்கு ஈடாகாதா? அவ்வாறு கூறுவது வரட்டுவாதம். டொன் சீகலின் 'இன்வேஷன் ஒவ் த பொடி ஸ்னாச்சர்ஸ்' 1956இல் குறைந்த செலவில் உருவானது. விண்ணிலிருந்து வந்த விதைகள் மனிதரின் உணர்ச்சியற்ற பிரதிகளை உற்பத்தி செய்கின்றன. அதன் இருண்ட முடிவைக் கண்டு அஞ்சிய தயாரிப்பு நிறுவனம், நம்பிக்கையூட்டும் காட்சிகளை முன்னும் பின்னும் ஒட்டவைத்தது. 1978இல் பிலிப் கோஃப்மன் பன்மடங்கு பணத்தோடு அதனை மறுவாக்கம் செய்தார். சிற்றூர்க் கதையைச் சான் பிரான்சிஸ்கோ மாநகருக்குப் பெயர்த்தார். அண்டை அயலாரை அறியாத நகரத்தின் தனிமையையே அச்சமாக்கினார். மூலத்துக்கு மறுக்கப்பட்ட கசப்பான முடிவையும் துணிந்து அளித்தார். இங்கு மறுவாக்கம் மூலத்தின் கடனைத் தீர்த்திருக்கிறது.

எனவே குறைந்த செலவு தானாகவே கலையை ஈன்றுவிடாது. பணம் தானாகவே அதைக் கொன்றுவிடவும் மாட்டாது. தன் காலத்தின் அச்சத்தைத் தன் கண்ணால் காணும் மறுவாக்கம் வாழும். ஆனால் பெருமுதல் போடுபவனுக்கு வேண்டியது உத்தரவாதம். ஏற்கெனவே விலைபோன பெயர் அவனுக்கு அந்த உத்தரவாதம். பெயரை வாங்குகிறான், அப்பெயரைப் பெற்றுத்தந்த கோபத்தை வெளியே விட்டுவிடுகிறான்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! இத்தகைய படங்களைப் பார்க்காதீர் என்று நாம் சொல்லவில்லை. இரண்டையும் பாருங்கள், மாணவரோடு விவாதியுங்கள். எது கூடியிருக்கிறது என்று கேட்பதோடு நில்லாது, எது நீக்கப்பட்டிருக்கிறது, யாருக்காக நீக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள்.