ஓசியில் ஓடும் வைன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசசரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணினியைத் தூக்கிப்போட மனம் வராதவரிடம் "லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்களேன்" என்று சொல்வது சுலபம். டிடிபி கடைக்காரர் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "பேஜ்மேக்கர் ஓடுமா சார்?" 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்துவைத்த கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் நோட்டீஸ்களும் புத்தகக் கோப்புகளும் அவருடைய ஹார்டு டிஸ்கில் அந்த வடிவத்தில்தான் கிடக்கின்றன. டாலியை நம்பியிருக்கும் கணக்கர், ஆய்வகக் கருவியோடு வந்த பழைய மென்பொருளை விட முடியாத கல்லூரி என்று இதே கேள்வியைக் கேட்க ஆட்கள் நிறைய.

அவர்களுக்குக் கைவசம் உள்ள விடைகளில் ஒன்று வைன். விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருளை லினக்ஸிலும் மேக்கிலும் ஓட வைக்கும் திறமூல மென்பொருள். காசு கிடையாது. ஓசியில் கிடைக்கிறது என்பதாலேயே அது யாரோ எங்கோ பார்த்துக்கொள்ளும் காரியம் என்று நாம் இருந்துவிடுகிறோம். இனி அப்படி இருக்கக் கூடாது என்பதே நம் வாதம்.

வைன் கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனை செய்வதில்லை. சாதாரண பிசியில் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் பிராசசர் ஒன்றுதான். கட்டளைகளை அது நேரடியாகவே நிறைவேற்றிவிடும். மென்பொருள் இயங்குதளத்திடம் உதவி கேட்கும் இடத்தில்தான் சிக்கல். இந்தக் கோப்பைத் திற, இங்கே ஒரு பெட்டி வரை, இந்த எழுத்துருவில் இந்த வரியைப் போடு என்றெல்லாம் அது விண்டோஸிடம் கேட்கும் முறையிலேயே கேட்கும். விண்டோஸ் தரும் அதே பதிலை வைன் தர வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான கேள்விகள். விண்டோஸில் ஒரு பிழை இருந்து, அந்தப் பிழையை நம்பியே ஒரு மென்பொருள் எழுதப்பட்டிருந்தால் அதையும் அச்சாகச் செய்துகாட்ட வேண்டும். வைனை நிறுவி ஒருமுறை ஓட்டிய பின் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் அதன் கோப்புறையைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு சி டிரைவே உட்கார்ந்திருக்கும். ரெஜிஸ்ட்ரி வெறும் உரைக் கோப்பாக இருக்கும். மொத்த லினக்ஸும் இசட் டிரைவாகத் தெரியும். 64 பிட் விண்டோஸ் ஓட்ட மறுக்கும் 16 பிட் காலத்து மென்பொருளைக்கூட 64 பிட் லினக்ஸில் வைன் ஓட்டிக்காட்டும்.

இது எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு மைக்ரோசாஃப்டே சாட்சி. லினக்ஸ் மென்பொருளை விண்டோஸில் ஓட்ட 2016-இல் அந்நிறுவனமும் இதே பாணியில் ஓர் அடுக்கைக் கட்டியது. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் அந்த வழியை விட்டுவிட்டு அசல் லினக்ஸ் கெர்னலையே உள்ளே வைத்தது. இத்தனைக்கும் லினக்ஸின் மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறது. வைன் குழுவுக்கு விண்டோஸின் மூலநிரல் கிடையாது. எங்கோ கசிந்ததைப் பார்த்தவர்கூட வைனுக்கு நிரல் எழுதக் கூடாது என்பது அங்கே விதி. சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதி, அசல் விண்டோஸில் ஓட்டி, அது என்ன சொல்கிறதென்று குறித்துக்கொண்டு, வைனையும் அப்படியே சொல்ல வைக்கிறார்கள். 1993-இல் பாப் ஆம்ஸ்டாட் தொடங்கியதை மறு ஆண்டே அலெக்ஸாண்டர் ஜூலியார்ட் ஏற்றுக்கொண்டார். இன்றுவரை பொறுப்பு அவரிடம்தான். 1.0 என்று எண் போட்டு வெளியிடத் துணிவு வந்தது 2008 ஜூன் 17 அன்று.

இடையில் நிறுவனங்கள் வந்தன, போயின. வேர்ட்பெர்ஃபெக்ட் அலுவலகத் தொகுப்பை லினக்ஸுக்குக் கொண்டுவர 1999 வாக்கில் கோரல் நிறுவனம் வைனுக்கு ஆள் போட்டு வேலை செய்தது. 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கோரலில் 13.5 கோடி டாலர் முதலீடு செய்தது. அடுத்த ஆண்டு கோரல் தன் லினக்ஸ் பிரிவை விற்றுவிட்டது. கோரல் செய்த திருத்தங்கள் வைனில் தங்கின, கோரல் தங்கவில்லை. கனடாவின் டிரான்ஸ்கேமிங் கதை வேறு. அப்போதைய உரிமப்படி வைனை யாரும் எடுத்து மாற்றலாம், மாற்றியதைக் காட்டாமலே விற்கலாம். விளையாட்டுகளுக்காக அந்நிறுவனம் வளர்த்த பகுதிகளில் முக்கியமானவை பொது நிரலுக்குத் திரும்பி வரவில்லை. 2002 மார்ச்சில் வைன் எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. மாற்றி வெளியிடுகிறாயா, மாற்றத்தின் மூலநிரலையும் கொடு என்பது அதன் சாரம். பெரிய சண்டை நடந்தது. பழைய உரிமமே போதும் என்று ஒரு கூட்டம் ரீவைண்ட் என்ற பெயரில் பிரிந்துபோனது. இன்று திரும்பிப் பார்த்தால் ஜூலியார்ட் தரப்பு செய்ததுதான் சரி என்று தோன்றுகிறது. விளையாட்டு நிறுவனமான வால்வ், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டானும், அதை நம்பி 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியும், ஆப்பிள் 2023-இல் விளையாட்டு உருவாக்குநர்களுக்குத் தந்த கருவியும் வைன் போட்ட அடித்தளத்தில் நிற்கின்றன.

ஆனால் அந்த உரிமம் வெளியிடுகிறவரை மட்டும்தான் கட்டும். வெறுமனே பயன்படுத்தும் நம்மை எதுவும் கட்டுவதில்லை. விளைவு? ஜூலியார்டுக்குச் சம்பளம் தருவது அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள கோட்வீவர்ஸ் என்ற சிறு நிறுவனம். வைனுக்கு வரும் திருத்தங்களில் பெரும்பங்கு அதன் ஊழியர்களுடையது. வால்வின் பணம் வந்தபின் விளையாட்டுகள் மளமளவென்று முன்னேறிவிட்டன. பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்குச் சம்பளம் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அது தப்பு என்று மினசோட்டாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதிலும் முறை இருக்கிறது. "ஓடலை" என்பது புகார்தான், தகவல் அல்ல. டெர்மினலில் வைனைத் திறந்து மென்பொருளை ஓட்டினால் 'ஃபிக்ஸ்மீ' என்ற சொல் வரும் வரிகள் சரசரவென்று ஓடும். இந்தக் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் எழுதவில்லை என்று வைன் தானே ஒப்புக்கொள்ளும் இடங்கள் அவை. பெரும்பாலானவை தீங்கில்லாதவை. ஆனால் மென்பொருள் விழுவதற்குச் சற்று முன்பு வந்த வரிகள் துப்பு. அவற்றோடு வைன் பதிப்பு, மென்பொருள் பதிப்பு, எந்தப் பொத்தானை அழுத்தியபோது விழுந்தது என்பதையும் சேர்த்து வைனின் பொதுப் பிழைப் பதிவேட்டில் பதிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வேலை செய்ய முடியும்.

போன பதிப்பில் ஓடியது இந்தப் பதிப்பில் ஓடவில்லை என்றால் இன்னும் நல்லது. இரண்டு பதிப்புக்கும் நடுவே 300 மாற்றங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள ஒன்றை எடுத்து நிறுவிப் பார்க்க வேண்டும். ஓடினால் கோளாறு பிற்பாதியில், ஓடாவிட்டால் முற்பாதியில். பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்தால் ஒன்பது முறைக்குள் குற்றவாளி மாற்றம் இன்னதென்று கையில் சிக்கிவிடும். இதற்கு சி மொழி தெரிய வேண்டியதில்லை. நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியின் கட்டளை சிலவும், கம்பைல் ஆகும்வரை காத்திருக்கும் பொறுமையும் போதும். பைனல் இயர் புராஜெக்ட் என்று லைப்ரரி மேனேஜ்மெண்ட் சிஸ்டத்தையே வருடம் தவறாமல் விலைக்கு வாங்கி ஸ்பைரல் பைண்டிங் போடும் நம் பொறியியல் கல்லூரிகள், நான்கு மாணவருக்கு இப்படி ஒரு பிழையைக் கொடுத்துப் பார்க்கலாம். அவர்கள் கண்டுபிடித்தது உலகமே பார்க்கும் பதிவில் இருக்கும். வேலைக்கு நேர்காணலில் காட்டவும் ஆகும்.

வைனை வளர்ப்பதே தப்பு என்று கருதும் லினக்ஸ் ஆர்வலர்களும் உண்டு. விண்டோஸ் மென்பொருள் இங்கேயே ஓடிவிட்டால் லினக்ஸுக்கென்று யார் எழுதுவார்கள் என்று கேட்கிறார்கள். ஐபிஎம்மின் ஓஎஸ்/2-ஐ உதாரணம் காட்டுவார்கள்: 1992-இல் வந்த 2.0 பதிப்பு விண்டோஸ் மென்பொருளை நன்றாக ஓட்டியது, அதனாலேயே அதற்கெனத் தனியாக எழுத ஆளில்லாமல் போனது என்பார்கள். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டிடிபி கடையின் கேள்வி வேறு. நின்றுபோன பேஜ்மேக்கரை லினக்ஸுக்கென்று யாரும் திரும்ப எழுதப்போவதில்லை. அந்தக் கோப்புகளை வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றும்வரையாவது அது ஓட வேண்டும். கூடவே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். கிராக் செய்த மென்பொருளை வைனில் ஓட்டினால் அது சுதந்திர மென்பொருள் ஆகிவிடாது, திருட்டு திருட்டுதான்.

அரசுக்கும் இதில் பங்குண்டு. கேரளப் பள்ளிகள் அம்மாநில அரசின் கைட் நிறுவனத்தின் வழியே பல ஆண்டுகளாகத் திறமூல இயங்குதளத்தில்தான் பாடம் நடத்துகின்றன. அந்த அளவுக்கு இப்போதே போக வேண்டாம். ஒரு துறை புதிதாக மென்பொருள் வாங்கும்போது டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: இந்த மென்பொருள் லினக்ஸில் நேரடியாகவோ வைன் வழியாகவோ ஓடுகிறதா என்று விற்பவரே சோதித்துச் சான்று தர வேண்டும், அப்போது கண்ட பிழைகளைப் பொதுவில் பதிந்திருக்க வேண்டும். தமிழ் மென்பொருள் விற்பவர்கள் டெண்டர் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்யலாம்; அவர்களுக்கு வாடிக்கையாளர் கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள். முடியாது என்று சொல்லும் நிறுவனத்திடம் ஏன் முடியாது என்று துறை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். ஐந்து வருடம் கழித்து, ஓடுகிற கணினிகளையெல்லாம் மறுபடி மாற்ற வேண்டும் என்று யாராவது கோப்பு அனுப்பும்போது அந்தப் பதிலையும் சேர்த்து வைத்துப் படிக்கலாம்.