ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கிடைத்த காலம்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் லாரிகள் தயாராகின்றன. டெய்ம்லர் கம்பெனி 2012-ம் ஆண்டு அங்கே தொழிற்சாலை திறந்தது. அதன் லாரிகள் உள்நாட்டில் ‘பாரத் பென்ஸ்’ என்ற பெயரிலும், வெளிநாடுகளில் ‘ஃபூஸோ’ என்ற பெயரிலும் விற்கின்றன. 2013-ல் ஏற்றுமதி தொடங்கியபோது முதலில் வாங்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

ஒரு பேச்சுக்கு, லாரியின் விலை 20 லட்சம் இந்திய ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். வரியும் கப்பல் கூலியும் வேறு. 2022-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய்க்குச் சுமார் 2 ரூபாய் 70 சதம் இலங்கைப் பணம் வேண்டியிருந்தது. (அங்கே பைசா கிடையாது, சதம்தான்.) அந்தக் கணக்கில் லாரி 54 லட்சம் இலங்கை ரூபாய். அதே ஆண்டு மே மாதம் விகிதம் சுமார் 4 ரூபாய் 60 சதம். லாரி 92 லட்சம்! ஒரகடத்தில் ஓர் ஆணியின் விலைகூட ஏற வேண்டியதில்லை. கொழும்பில் லாரி விலை இப்படித் தாவிவிடும்.

உண்மையில் அப்போது வாங்கவும் வழியில்லை. டாலரை மிச்சம் பிடிப்பதற்காக 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதிக்கு இலங்கை தடை போட்டிருந்தது.

இலங்கை ரூபாய் எப்போதுமே இப்படி மெலிந்து கிடந்ததா? இல்லை. ஒரு காலத்தில் இரண்டு ரூபாயும் ஒன்று!

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்திய வெள்ளி ரூபாய்தான் இலங்கையிலும் செல்லும். 1872-ல் அங்கே ரூபாயை 100 சதமாகப் பிரித்தார்கள். இங்கே 16 அணா கணக்கு 1957 வரை நீடித்தது. சில்லறை வேறானாலும் முழு ரூபாய்க்கு மதிப்பு ஒன்றே. கண்டியில் தேயிலை கிள்ளிய தொழிலாளி ஊருக்கு 10 ரூபாய் அனுப்பினால், புதுக்கோட்டைச் சீமையில் இருந்த தாய்க்கு அது 10 ரூபாய்தான். வட்டம் பிடிக்க எவருக்கும் இடமில்லை.

1950 ஆகஸ்டு 28-ந் தேதி இலங்கை மத்திய வங்கி பிறந்தது. இந்திய ரூபாயோடு இருந்த பழைய சட்டப் பிணைப்பு அற்றது. ஆனாலும் மதிப்பு மாறவில்லை. இங்கும் அங்கும் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய். இரண்டு ஊர்க்காரர்கள் தத்தம் மரக்காலை மூன்றாம் ஊர் மரக்காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல, இரு நாடுகளும் டாலரோடும் பவுனோடும் தங்களை அளந்துகொண்டன. அளவு ஒத்திருந்தவரை தொல்லை இல்லை.

1966-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி அது குலைந்தது. இரண்டு யுத்தம், மழை பொய்த்த வயல், அந்நியக் கடன் தந்தவர்களின் நெருக்கடி! இந்திய சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆயிற்று. இலங்கை தன் ரூபாயைத் தொடவில்லை. ஒரே நாளில் ஓர் இலங்கை ரூபாய், இந்தியாவில் ஒரு ரூபாய் 57 பைசா ஆகிவிட்டது. ஆம், அன்று உயர்ந்து நின்றது இலங்கை ரூபாய்.

இது பாங்கிக்காரர்களின் கணக்கு மட்டுமல்ல. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 தோட்டத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பம் தன்னோடு கொண்டுவரக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்று அதில் கண்டிருந்தது. எல்லாக் குடும்பங்களிடமும் அவ்வளவு இருந்தது என்று பொருள் அல்ல. சட்டி பானையும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்தவர்களே மிகுதி. என்றாலும் அந்த 4,000 ரூபாயைச் சர்க்கார் விகிதப்படி கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் எழுதிய நாளில் அது 4,000 இந்திய ரூபாய். 1966 ஜூனில் சுமார் 6,300. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுன் மதிப்பைக் குறைத்ததும், தேயிலைச் சந்தையில் பின்தங்காமலிருக்க இலங்கையும் தன் ரூபாயைக் குறைத்தது. தொகை சுமார் 5,040 ஆயிற்று. பத்து ஆண்டு கழித்து, 1977 நவம்பரில், ஜெயவர்த்தனா அரசாங்கம் ரூபாயைக் கட்டவிழ்த்து டாலருக்கு 16 என்று தொடங்கியது. அன்று இந்திய ரூபாய் டாலருக்கு எட்டரைக்குச் சற்று மேல். அதே 4,000 ரூபாய் 2,150 அளவுக்கு இறங்கிவிட்டது! முன்னே கப்பலேறிய குடும்பத்துக்கும் பின்னே ஏறிய குடும்பத்துக்கும் உழைப்பில் என்ன வித்தியாசம்? ஏறிய தேதிதான் வித்தியாசம்.

1977-க்குப் பிறகு இலங்கை ரூபாய் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. யுத்தச் செலவு, இறக்குமதிப் பெருக்கம், கடன்மேல் கடன்! 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று இலங்கை அறிவித்தது. அந்த ஆண்டு இந்தியா கொடுத்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர்.

நம் ரூபாய்க்கு அங்கே நாலு ரூபாய் என்று மகிழ்வதற்கு இதில் ஒன்றுமில்லை. வாங்குகிறவன் கை வறண்டால் விற்கிறவன் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கொழும்பில் விற்காத ஒவ்வொரு லாரியும் ஒரகடத்தில் ஒருவருடைய வேலை நேரம்.

2024-ம் ஆண்டு முடிவில் இலங்கை ரூபாய் ஓரளவு தேறி, ஓர் இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை என்ற அளவில் நின்றது. 2025 பிப்ரவரியில் வாகனத் தடையும் பெரும்பாலும் நீங்கியது. 20 லட்ச ரூபாய் லாரி, மூன்றரை விகிதத்தில், வரி சேருமுன் 70 லட்சம் இலங்கை ரூபாய்.