பிடித்த தொடர் பிடிக்காமல் போகும்போது

“முன்பெல்லாம் நன்றாக இருந்தது. இப்போது கதையை இழுக்கிறார்கள்.”

தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் வீடுகளில் என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு எழும். என் தாயாரும் இப்படித்தான் குறைப்பட்டுக்கொள்வார். ஆனால், மறுநாள் அதே நேரத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுவார். “பிடிக்கவில்லை என்றால் ஏன் பார்க்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டால், “இத்தனை நாள் பார்த்துவிட்டேனே, பாதியில் விட மனம் வருமா?” என்பார்.

அந்தப் பதிலில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு தொடரைப் பல ஆண்டுகள் பார்ப்பவர் அதற்குத் தம் நேரத்தை மட்டுமன்று, அன்பையும் கொடுக்கிறார். அதன் தரம் குறையும்போது வருத்தப்படவும், அதை வெளிப்படையாகச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பொறுப்புடன் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கு ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடர் நல்ல சான்று. பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி அதன் முதல் அங்கத்தை ஒளிபரப்பியது. காலத்தையும் விண்வெளியையும் கடந்து பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்பவரே அதன் நாயகர். முதலில் நடித்தவர் 1966ஆம் ஆண்டில் விலகியபோது, டாக்டர் தம் உருவத்தை மாற்றிக்கொள்ளக்கூடியவர் என்று கதை அமைத்தார்கள். நடிகர்கள் மாறினாலும் தொடர் தொடர்ந்தது.

ஆனால், நீண்ட காலம் ஓடும் தொடருக்கு ஒரு சிக்கல் உண்டு. எட்டு வயதில் வியந்து பார்த்த சிறுவன் பதினாறு வயதில் அதே கண்களோடு பார்ப்பதில்லை. 1985ஆம் ஆண்டில் ‘டாக்டர் ஹூ’ ஏறத்தாழ 18 மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 14 அங்கங்கள் கொண்ட ஒரே நீண்ட கதையுடன் அது திரும்பியது. ஆவலோடு காத்திருந்த ரசிகர்கள் பலர் ஏமாற்றமடைந்தனர்.

அவர்களுள் ஒருவர் கிறிஸ் சிப்னால். அப்போது அவர் பதின்ம வயது இளைஞர். அந்தக் கதை இன்னும் நன்றாக எழுதப்பட்டிருக்கலாம் என்று அவர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெளிப்படையாகவே குறை கூறினார். 1989ஆம் ஆண்டில் தொடர் நின்றுபோனது. 2005ஆம் ஆண்டில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்த ரசல் டி. டேவிஸும் சிறு வயது முதல் அதன் ரசிகராக இருந்தவர்தாம். பின்னர், 2018ஆம் ஆண்டில் அந்தத் தொடரை வழிநடத்தும் பொறுப்பு யாரிடம் வந்தது தெரியுமா? அன்று குறை கூறிய அதே சிப்னாலிடம்!

அவருடைய காலத்தில் டாக்டர் வேடத்தில் முதன்முறையாக ஒரு பெண் முதன்மை நாயகியாக நடித்தார். அந்த மாற்றத்தைச் சிலர் வரவேற்றனர். வேறு சிலரோ, கதைகள் முன்புபோல் இல்லை என்றனர். ஒரு காலத்தில் தாம் சொன்ன குறையையே இப்போது அவர் பிறரிடமிருந்து கேட்க வேண்டியிருந்தது. குறை கூறுவது எளிது. வாரந்தோறும் புதிய கதை படைப்பது அரிது. ஆயினும், இளமையில் அவர் கூறிய குறை அந்தத் தொடரின்மீது கொண்ட அன்பிலிருந்து பிறந்தது. அந்த அன்பு இருந்ததால்தான் விமர்சகராக இருந்தவர் படைப்பாளராக வளர்ந்தார்.

இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஒரு நொடியில் கருத்துக் கூறிவிடலாம். அதனால், விமர்சனம் பல நேரங்களில் வசையாக மாறிவிடுகிறது. எழுத்தாளர் எழுதியதைப் பேசி நடித்தவரைக்கூடத் திட்டுகிறார்கள். இது முறையன்று. நம் விமர்சனம் படைப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும்; காரணத்தோடும் இருக்க வேண்டும். “இந்தத் தொடர் குப்பை” என்று சொன்னால் யாருக்கு என்ன பயன்? “நேற்றுவரை துணிச்சலாக இருந்த பாத்திரம் இன்று காரணமே இல்லாமல் கோழையாகிவிட்டதே!” என்று சொன்னால், எழுதுபவர் சிந்திப்பார். சொல்லும் நமக்கும் கதையைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் வரும்.

“பிடிக்கவில்லை என்றால் பார்க்காமல் இருக்கலாமே, விமர்சனம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். பார்ப்பதை நிறுத்தும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால், எல்லாரும் பேசாமல் விலகிவிட்டால், பார்ப்போர் எண்ணிக்கை குறைந்தது மட்டுமே தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். ஏன் குறைந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அதே வேளையில், நம்மையும் நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். மாறியது தொடரா, நானா? சில சமயம் தொடர் அப்படியேதான் இருக்கும், நாம்தான் வளர்ந்திருப்போம். அதற்குப் படைத்தவர்மீது கோபப்படுவதில் நியாயமில்லை. நமக்கு மகிழ்ச்சி தந்த நாள்களுக்கு நன்றி கூறி, அடுத்த கதையைத் தேடிப் போகலாம்.

உங்களுக்குப் பிடித்த தொடர் உங்களை ஏமாற்றினால், உடனே கைப்பேசியை எடுக்காதீர்கள். எந்த இடத்தில் கதை தடம் மாறியது, நீங்கள் எழுதியிருந்தால் அதை எப்படி அமைத்திருப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளிலிருந்து ஒரு புதிய கதையும் பிறக்கக்கூடும்.