கணினிப் பகுதி: இறக்கியும் காணாத விளக்கநூல்

1990-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் தோன்றியபின், நம்மவர் குடும்பங்களிலும் நிரல் எழுதும் தொழிலை மேற்கொண்ட பிள்ளைகள் பலராயினர். தச்சனுக்கு அளவுகோல் எப்படியோ, அப்படியே இவர்களுக்கு விளக்கநூல். விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது, அங்கே இணையம் எட்டாவிடினும் பயன்படுமென்று அந்நூல்களை முன்னரே இறக்கி வைத்துக்கொள்கின்றனர். ஊர் போய்த் திறந்தாலோ, பக்கம் வெறுமையாய் நிற்கிறது! மறுநாள் வேலைத் தேர்வு இருப்பின், அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் உறக்கம் இராது.

இந்நிலையில் பலரும் செய்வது, மீண்டும் மீண்டும் இறக்கிப் பார்ப்பதே. அதனால் பணமும் பொழுதும் வீணாகுமேயன்றிப் பயன் விளையாது. கோப்பு முழுமையாய் வந்து சேர்தல், விரிதல், உரிய இடத்தில் அமர்தல், அட்டவணையோடு பொருந்துதல் ஆகிய நான்கும் நிறைவேறினாலன்றி நூல் கண்ணுக்குத் தோன்றாது. இவற்றுள் எது தவறியது என்று முதலில் காண வேண்டும்.

பைத்தான் மொழியின் விளக்கநூல் ஜிப் கட்டாகக் கிடைக்கிறது. விண்டோஸ் கணினியில் அக்கட்டை விரிக்காமல் அதனுள்ளேயே ஒரு பக்கத்தைத் திறந்தால், அப்பக்கம் மட்டும் அலங்காரமின்றித் தோன்றும். அதிலுள்ள இணைப்புகள் செல்லா. கட்டு முழுவதையும் ஒரு கோப்புறையில் விரித்த பின்னரே திறத்தல் முறையாகும். விரிந்த நூலுக்குக் கட்டைவிட மிகுதியான இடம் வேண்டுமாதலின், வட்டில் இடமுண்டா என்பதையும் பார்த்துக்கொள்க.

ஜீல் என்னும் செயலியில் ஒவ்வொரு நூலும் டாக்செட் என முடியும் பெயருடைய கோப்புறையாகும். பக்கங்களும், அவற்றைத் தேடித் தரும் அட்டவணைக் கோப்பும் அதனுள் இருக்கும். கையால் விரிக்கும்போது கோப்புறைக்குள் மற்றொரு கோப்புறையாய் அமைந்துவிட்டால், செயலி அதனை நூலென அறியாது. அமைப்புப் பகுதியில் குறித்துள்ள சேமிப்பிடமும், நூல் இருக்கும் இடமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். சரிசெய்தபின் செயலியை மூடித் திறக்க வேண்டும்.

டெவ்டாக்ஸ் போன்றவை நூலை உலாவியின் சேமிப்பிலேயே வைக்கின்றன. அதில் நூலைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. இணையமின்றிப் படிப்பதற்கென்று தனியே நிறுவவும் வேண்டும். மறைநிலைச் சாளரத்தில் நிறுவியது, சாளரத்தை மூடியவுடன் அழிந்துவிடும். உலாவியைத் துப்புரவு செய்வதாக எண்ணித் தளத் தரவுகளை நீக்குவோர், நூலையும் உடன் நீக்கிவிடுகின்றனர்.

பழைய சி.எச்.எம். வகை நூல்களில் இடப்புறம் பொருளடக்கம் தெரிந்து வலப்புறம் வெறுமையாய் இருந்தால், நூல் கெட்டுவிட்டதென்று கருதற்க. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்பதற்காக விண்டோஸ் அதனைத் தடுத்திருக்கக்கூடும். கோப்பின் பண்புகளைத் திறந்து, ‘அன்பிளாக்’ என்பதைக் குறித்தால் பக்கங்கள் தோன்றும். நம்பத்தக்க இடத்திலிருந்து பெற்ற கோப்புக்கே இதனைச் செய்தல் தகும்.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001-ஆம் ஆண்டு இந்நகரிலேதான் தொடங்கப்பெற்றது. அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், மென்பொருளைப் போலவே அதன் கைந்நூலும் யாவரும் படியெடுத்துப் பகிரத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையினர். அத்தகைய உரிமையுடைய நூல் ஒரு வீட்டில் சரியாய்த் திறக்குமானால், அக்கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். இணையச் செலவைத் தாங்க இயலாத குடும்பத்துக்கு இது பேருதவியாகும்.

இறுதியாக ஒன்று. ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாளே இணையத்தைத் துண்டித்து, கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, நூலில் இரண்டொரு சொற்களைத் தேடிப் பாருங்கள். குறையிருப்பின் அப்போதே தெரிந்துவிடும். வண்டி ஏறியபின் தெரிவதைவிட, வீட்டிலிருக்கும்போதே தெரிவது நலமன்றோ!