மீதி 481

வந்து சேர்ந்தவர்கள் 773. மருத்துவமனையில் இறந்தவர்கள் 64. தப்பியோடித் திரும்பாதவர்கள் 140. தூக்கிலிடப்பட்டவர்கள் 87. தற்கொலை 1. மீதி 481.

1858 மார்ச் 10 அன்று இருநூறு கைதிகளோடு முதல் கப்பல் போர்ட் பிளேரில் நங்கூரமிட்டது. மூன்று மாதம் கழித்து எழுதப்பட்ட கணக்கு இது. எழுதியவர், அந்தமான் கைதிக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் ஜே.பி. வாக்கர், ஒரு மருத்துவர். அதற்கு முன் ஆக்ரா சிறையை நிர்வகித்தவர். கணக்கில் பிழையில்லை, கூட்டிப் பார்த்தால் சரியாகவே வருகிறது. மருத்துவராக இருந்தவர் தூக்குக் கயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் ஒரே தாளில் கட்டம் போட்டிருக்கிறார் என்பது வேறு சங்கதி. எனக்கு உறுத்துவது கடைசி வரி. அந்த 481 பேரில் எத்தனை பேர் எழுந்து நடக்கும் நிலையில் இருந்தார்கள்? எத்தனை பேருக்குக் காலில் புண், கையில் வலுவில்லை? ‘மீதி’ என்ற சொல் இதையெல்லாம் விழுங்கிவிட்டது.

அந்தமானின் நோய் வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்தச் சொல் மறுபடி மறுபடி வந்து நிற்கிறது. 1877இல் தட்டம்மை வந்தது. அந்தமான் பூர்வகுடிகளோடு நெடுங்காலம் பழகிய அதிகாரி எம்.வி. போர்ட்மன் எழுதிய வரலாற்றில், பெரிய அந்தமானியரில் பாதிப் பேராவது, ஒருவேளை மூன்றில் இரண்டு பங்கினர் இந்த ஒரு நோயில் போயிருப்பார்கள் என்று கணிக்கிறார். கணிப்புதான், எண்ணிக்கை அல்ல. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்குத்தான் பதிவேடு உண்டு. காட்டுக்குள் இறந்தவர்களுக்கு யார் பதிவேடு வைப்பது? 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். இங்கேயும் ‘மீதி’ மட்டும் எண்ணப்பட்டது.

இடையில் ஒருவர் உயிரோடிருப்பவர்களை எண்ண வந்தார். 1911இல் தீவுகளுக்கு வந்த எஸ்.ஆர். கிறிஸ்டோபர்ஸ், மலேரியா பற்றி 1912இல் அறிக்கை வெளியிட்டார். இறந்தோர் பட்டியலோடு நின்றுவிடாமல், ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளின் விலாவுக்குக் கீழே கைவைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். உப்பங்கழிச் சதுப்பிலிருந்து ஏறத்தாழ அரை மைலுக்குள் இருக்கும் ஊர்களில் வீக்கம் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. உவர்நீரில் முட்டையிடும் கொசுவே காரணம் என்று அதிலிருந்து பிடிபட்டது. சாவை மட்டும் எண்ணியிருந்தால் அந்த அரை மைல் கண்ணில் பட்டிருக்காது. அந்தமானில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் கண்டுபிடித்ததை நினைவில் வைத்திருப்பது இன்னொரு வேலை. டெய்லரும் கோயலும் அந்தமானில் எலிக்காய்ச்சல் இருப்பதை ஆராய்ந்து 1931இல் நூலாகவே வெளியிட்டார்கள். 1988 முதல் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் பக்கம், மழை முடிந்து வயலில் இறங்கும் காலத்தில், ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். இருமினால் ரத்தம் வந்தது. என்ன நோயென்று தெரியாமல் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயர் மட்டும் வைத்தார்கள். எஸ்.சி. சேகல், சுகுணன் உள்ளிட்ட போர்ட் பிளேர் ஆராய்ச்சி மையத்தினர் அது எலிக்காய்ச்சலேதான் என்று நிறுவியபோது தொண்ணூறுகளின் நடுப்பகுதி ஆகிவிட்டது. நுரையீரலில் ரத்தம் கசியும் அளவுக்கு முற்றினால் உயிர் பிழைப்பது கடினம். முன்கூட்டியே பிடித்தால் சாதாரண பெனிசிலினுக்குக் கட்டுப்படும். அறுபது வருடத்துக்கு முன்னால் அச்சேறிய செய்தி ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்திருக்கிறது.

இனி மீதியானவர்களின் கை கால்களுக்கு வருகிறேன்.

1947 இறுதியிலும் 1948 தொடக்கத்திலும் நிக்கோபாரின் நங்கௌரி தீவுக்கூட்டத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியது. அதைப் பற்றிய கட்டுரை பிறகு ஒரு மருத்துவ இதழில் வந்தது. நெருக்கமான ஊர்களில் போலியோ கிருமி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். பிறந்த ஓரிரு வருடத்திலேயே தொற்றிப் பெரும்பாலானோருக்குத் தெரியாமலே போய்விடும். கடல் சூழ்ந்த சின்னத் தீவில் அப்படியில்லை. கிருமி வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காது. வரும்போது எதிர்ப்புச் சக்தி எவருக்கும் இருக்காது, வளர்ந்தவர்களையும் பிடிக்கும். வயது கூடக்கூட வாதம் வரும் வாய்ப்பும் கூடும். தென்னை ஏறியும் தோணி வலித்தும் பிழைக்கும் ஊரில் ஒரு தோளோ ஒரு காலோ விழுந்துவிட்டால் என்ன மிஞ்சும்?

போலியோ வேறு இடங்களில் செய்துவைத்ததைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆஸ்திரேலிய நர்ஸ் எலிசபெத் கென்னி, விழுந்த காலை மாவுக்கட்டில் இறுக்கிப் போடக் கூடாது என்று பெரிய டாக்டர்களோடு மல்லுக்கு நின்றார். சுடுநீரில் பிழிந்த கம்பளித் துணியால் ஒத்தடம், பிறகு மெல்ல மெல்ல அசைவு, இதுதான் அவர் வழி. அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியல்ல. செய்தது சரி. இன்றைய பிசியோதெரபியின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம், 1952இல் கோபன்ஹேகனின் பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் சில வாரங்களில் மூச்சுத்தசை விழுந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தச் சொன்னார். இயந்திரம் போதவில்லை. மருத்துவ மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முறைபோட்டு இரவும் பகலும் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். பத்தில் ஒன்பது என்றிருந்த சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நாம் இன்று சொல்வது அந்த ரப்பர் பையில் தொடங்கியதுதான்.

ஆக, ஐ.சி.யூவையும் நவீன உடற்பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதியையும் ஒரே நோய்தான் பெற்றெடுத்தது. ஐ.சி.யூவுக்குக் கிடைத்த பட்டுச் சட்டையில் உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை.

காரணம் கெட்ட எண்ணமல்ல, எண்ணும் முறை. கொரோனா காலத்தில் பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ ஆய்வு கேட்ட கேள்வி எளியது: 28ஆம் நாள் நோயாளி இருக்கிறாரா, இல்லையா? அதனால்தான் 2020 ஜூனிலேயே விடை கிடைத்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்தைக் கொடுத்தால் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நம் ஊர் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்து. சாவுக் கட்டத்தை ஒழுங்காக நிரப்பியதால் உலகமெங்கும் எத்தனையோ உயிர் மிஞ்சியது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

உடற்பயிற்சியை அப்படி அளக்க முடிவதில்லை. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லாரும் நம்பினார்கள். மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ‘அவெர்ட்’ ஆய்வு 2015இல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பியவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். அவசரப்பட்டால் கெடுதல். அதே உடற்பயிற்சி பார்க்கின்சன் நோயாளிகளிடம் வேறு முகம் காட்டியது. புதிதாக நோய் கண்ட 128 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், இதயம் வேகமாகத் துடிக்கும் அளவுக்கு டிரெட்மில்லில் ஆறு மாதம் நடந்தவர்களுக்கு நோய்க்குறிகள் அநேகமாக ஏறவேயில்லை. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு ஏறின. உடற்பயிற்சியும் மருந்துதான்: அளவு உண்டு, நேரம் உண்டு, ஆள் உண்டு.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு லூதியானா சி.எம்.சி.யின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று நடத்தியது. இந்தியாவில் பிசியோதெரபிஸ்ட் எண்ணிக்கை குறைவு, குடும்பம் பெரிது. அப்படியானால் வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து அனுப்பினால் என்ன? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் தலையாட்டும் யோசனை. 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். ஆறு மாதத்தில் இறந்தவர்களையும் பிறரைச் சார்ந்தே இருப்பவர்களையும் சேர்த்தால், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம், பெறாதவற்றிலும் 47 சதவீதம். 2017இல் லான்செட்டில் அதை அப்படியே எழுதினார்கள். பிடித்த யோசனை தோற்றதை மறைக்காமல் வெளியிடுவது லேசான காரியமில்லை. வீட்டாரின் அன்பு, தேர்ந்த கைக்கு மாற்றாகாது என்றே நான் அதைப் படிக்கிறேன். அரசாங்கங்கள் ‘ஆள் போட வேண்டியதில்லை, அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்ல அதற்குப் பிறகு வழியில்லை. சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

மறுபடி அந்தமானுக்கு வருகிறேன். போர்ட் பிளேரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை 1963இல் செல்லுலார் சிறை வளாகத்திலேயே அமைந்தது. ஏழு கிளை, ஏறத்தாழ எழுநூறு தனியறை என்று 1906இல் கட்டி முடித்த சிறையில் இன்று மூன்று கிளைதான் நிற்கிறது. கைதிகள் அங்கே செக்கிழுத்தார்கள். செக்கு என்றதும் நமக்குக் கோவைச் சிறையும் வ.உ.சி.யும் நினைவுக்கு வரும். இங்கே செக்கில் பூட்டப்பட்டவர்களின் நினைவுக் குறிப்புகள் நாளுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் என்று கணக்குச் சொல்கின்றன. அதற்கும் உடம்பு தகுதியா என்று சொல்ல ஒரு டாக்டர் இருந்தார். கைதிகளின் 1933 மே மாத உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங்குக்கு வலுக்கட்டாயமாக ஊட்டிய பால் நுரையீரலில் இறங்கி உயிர் போனது. தனிமைக்கென்றே கட்டிய வளாகத்தில், 2020இல் கொரோனா நோயாளிகளைத் தனிமைப்படுத்திப் படுக்க வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் பெரிய அந்தமானியரில் பத்துப் பேருக்குத் தொற்று உறுதியானது. ஐம்பது அறுபது பேர் மட்டுமே உள்ள இனம். 1877 எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. பத்துப் பேரும் தேறினார்கள். யூனியன் பிரதேசம் முழுவதும் கொரோனா சாவு 129 என்று கணக்கில் நிற்கிறது. மூச்சுக்குழாயோடு வாரக்கணக்கில் படுத்து, தொடைச் சதை கரைந்து, டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்களுக்கு எந்தப் பலகையிலும் எண் இல்லை.

என் சித்தப்பா போர்ட் பிளேரின் டெலானிப்பூரில் இருக்கிறார். பக்கவாதம் வந்து, ‘மெயின்லேண்ட்’ போய் ஒரு மருத்துவமனையில் படுத்துத் திரும்பியவர். (போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், சித்தப்பாவுக்கு இன்னும் பிளேர்தான்.) கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். குச்சி மனிதர்கள் வரைந்த எட்டுப் பயிற்சி. நான்காவது: சமதரையில் இருபது நிமிடம் நடக்கவும். டெலானிப்பூரில் சமதரை எங்கே இருக்கிறது? வாசலை விட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லை இறக்கம். மறுபடி வந்து காட்டச் சொன்னால் சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள், விமானமென்றால் மூன்று பேருக்கு டிக்கெட். இங்கே பிசியோதெரபிக்குப் போனால் ஆட்டோவிலிருந்து இறக்க ஓர் ஆள் வேண்டும்.

சித்தி வேறு வழி பார்த்தார். திண்ணையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒன்பது தப்படி. கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிவிட்டு, அக்குளில் தோளைக் கொடுத்துக்கொண்டு, “ஏங்க, காலை இழுக்காதீங்க, தூக்கி வைங்க” என்று சொல்லிக்கொண்டே நடத்துவார். ஒரு தடவை போய்த் திரும்பினால் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. முதல் நாள் இரண்டு கோடு. மாதக் கடைசியில் பதினொன்று. காய்ச்சல் வந்த நாளுக்கு வட்டம். வலக்கை டம்ளரைப் பிடித்த நாளுக்கு ஒரு நட்சத்திரம், சுவரிலேயே அது ஒன்றுதான்.

அடுத்த தடவை கப்பலேறியபோது சுவரைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? மழைக்கு முன்னால் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். டாக்டர் பிரஷர் பார்த்தார், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார், கேஸ் ஷீட்டில் ‘நிலையாக உள்ளார்’ என்று எழுதி முடித்தார். சித்தி போனைக் கையிலேயே வைத்திருந்தார். “கேப்பாருன்னு நெனச்சேன் தம்பி,” என்றார் என்னிடம், இரவு.