பழைய எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றின் விறாந்தை ஓரத்தில் பழைய ஹொண்டா மோட்டார்ச் சைக்கிள் ஒன்று இன்னும் நிற்கக் காணலாம். 1990ஆம் ஆண்டின் பின்னர் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவை. முற்றாக எரியாத மண்ணெண்ணெய், சிலிண்டரின் சுவரிற் படிந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப் போகச் செய்யும். அதனால் பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேயும். அந்த அநுபவத்தினாற்போலும், பழைய வண்டி சற்றுச் சோர்ந்தாலும், 'எஞ்சினைப் பிரிக்க வேண்டும்' என்ற தீர்ப்பு இன்றும் எளிதிற் பிறந்துவிடுகிறது.

சென்ற மாதம் அயலிலுள்ள ஆசிரியர் ஒருவர் நம்மிடம் வந்தார். தந்தையார் விட்டுச் சென்ற 90 சி.சி. வண்டி காலையில் இயங்க மறுத்தது. கிக்கரை மிதித்தால் தடையின்றிக் கீழே போயிற்று. கராஜ் ஒன்றிற் காட்டியபோது, "அமுக்கம் இல்லை மாஸ்ரர், சிலிண்டரைக் கடைய வேணும்" என்றார்களாம். அவர்கள் கேட்ட தொகையோ, மகளின் உயர்தர வகுப்புக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த பணம்!

சிலிண்டரைக் கடைதல் திரும்பப் பெற முடியாத செலவு. தேய்ந்த சுவரைச் சீவி அகலமாக்கி, அதற்கேற்பப் பெருத்த பிஸ்டனைப் பொருத்துகிறார்கள். அத்தகைய பிஸ்டன்கள் வழக்கமாக 0.25 மில்லிமீற்றர் படியாக 1.00 மில்லிமீற்றர் வரையே உண்டு. ஆகவே, ஒரு சிலிண்டரை நான்கு முறைக்கு மேற் கடைய இயலாது. தேவையின்றிக் கடைந்தால் அந்த நான்கில் ஒன்றை வீணே இழக்கிறோம். பிரிப்பதற்கு முன் பிரிக்காமலே அறியத்தக்கவற்றை அறிதல் வேண்டும் என்று நாம் சொல்வது இதனாலேயே.

முதலிற் புகையைப் பார்க்க வேண்டும். நான்கடிப்பு எஞ்சினில், நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெற்றோல் மிகுந்து செல்வதைக் காட்டும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் எழுந்து மறையும் வெண்மை வெறும் நீராவியே. ஆசிரியரின் வண்டியில் நீலப் புகை இல்லை. காற்று வடிகட்டியைத் துப்புரவாக்கிப் புதிய பிளக்கும் போட்டோம், குறை தீரவில்லை.

அடுத்து, அமுக்கமானியைத் தேடிப் பெற்றோம். வண்டியை அரும்பாடுபட்டு இயக்கிச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் மானியைப் பொருத்தி, அக்சிலேற்றரை முழுதும் திறந்து பலமுறை மிதித்தோம். முள், கைந்நூல் கூறும் அளவுக்கு மிகக் கீழேயே நின்றது. கராஜ்காரர் சொன்னதில் பாதி உண்மை: அமுக்கம் குறைவுதான். ஆனால் அது எவ்வழியே கசிகிறது?

அதற்கும் ஓர் உபாயம் உண்டு. பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளந்தோம். எண்ணெய் பிஸ்டன் வளையங்களைச் சுற்றி நின்று கசிவை அடைக்கும். முள் நன்கு உயர்ந்தால் தேய்வு வளையத்திலோ சிலிண்டரிலோ உள்ளது. உயராவிடில் வால்வுகளை ஐயுற வேண்டும். சிலிண்டர் படுத்திருக்கும் வண்டிகளில் எண்ணெய் ஒரு பக்கமே தேங்குமாதலால், அது பரவும்படி சிலமுறை மிதித்த பின்னரே அளத்தல் நன்று. அவ்வாறே செய்தோம். முள் அசையவில்லை என்றே சொல்லலாம்.

மறுநாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், வால்வு மூடிகளைத் திறந்தோம். புகை வெளியேறும் வால்வுக்கு இருக்க வேண்டிய 0.05 மில்லிமீற்றர் இடைவெளி அறவே இல்லை! வால்வு முற்றாக மூடாமல் நின்றமையால் அமுக்கம் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. ஒரு சாவியும் அளவுத் தகடும் கொண்டு இடைவெளியைச் சரிசெய்தோம். மானியின் முள் கைந்நூல் அளவை அண்மித்தது. இரண்டாம் மிதியில் வண்டி இயங்கிற்று. சில மாதம் கவனியாது ஓட்டியிருந்தால் வால்வு கருகி, உண்மையாகவே எஞ்சினின் தலையைக் கழற்ற நேர்ந்திருக்கும்.

இதனைக் கொண்டு, 'எஞ்சினை ஒருபோதும் பிரிக்காதீர்' என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து கனத்த தட்டல் ஒலி கேட்டால், வண்டியை அப்போதே நிறுத்த வேண்டும். அது பிஸ்டன் தண்டின் அடித்தாங்கி தேய்ந்ததன் அறிகுறியாகலாம். தண்டு முறிந்தால் எஞ்சின் முழுவதும் நாசமாகும். வடித்த எண்ணெயில் உலோகச் சீவல்கள் மின்னினாலும், வேகமெடுக்கையில் நீலப் புகை எழுந்து எண்ணெய் மட்டமும் இறங்கிக்கொண்டே வந்தாலும், பணத்தைப் பார்த்துத் தாமதித்தல் தகாது. தேவையற்ற செலவைத் தவிர்ப்பது சிக்கனம். தேவையான செலவைத் தள்ளிப்போடுவது சிக்கனமன்று.

ஆசிரியரின் மகள் இப்போது ஒரு கொப்பியில், ஓடிய கிலோமீற்றரையும் ஊற்றிய எண்ணெயையும் மாதந்தோறும் குறித்து வருகிறாள். பாட்டனாரின் வண்டியை என்றேனும் பிரிக்க நேர்ந்தால், அதற்குரிய காரணத்தை அந்தக் கொப்பியே காட்டிவிடும்.