செவிடு யார்?

பழைய வால்வு ரேடியோவுக்கு இந்தக் காலத்தில் இரண்டு கதிதான் உண்டு. ஒன்று, காயலான் கடை. மற்றொன்று அதைவிட மோசம். வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு புளூடூத் ஸ்பீக்கரைப் பொருத்தி, கூடத்தில் அலங்காரமாக வைத்துவிடுகிறார்கள். வருகிறவர்கள், "அடடா, தாத்தா காலத்து மர்பியா!" என்று வியக்கிறார்கள். புலியைச் சுட்டு, தோலில் பஞ்சடைத்து வைத்துவிட்டு, 'எனக்கு மிருகங்கள் என்றால் உயிர்' என்று சொல்கிற ஜமீன்தாரின் பிரியம் இது.

காரணம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "சிற்றலையில் இப்போது ஒன்றும் வருவதில்லை, ஸார். வெறும் இரைச்சல்."

இதில் பாதி உண்மை. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31-ல் சிற்றலையை மூடியது. 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30-ல் சிற்றலையிலிருந்து விடைபெற்றது. மறுக்கவில்லை. ஆனால் நாலு கடை மூடியதற்காகக் கடைத்தெருவே இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? சீனாவும், ஜப்பானும், துருக்கியும், ருமேனியாவும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

மற்றப் பாதி பொய். அந்த இரைச்சலில் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதல்ல. நம் வீட்டிலேயே பிறந்தது. சந்தேகமிருந்தால், பாட்டரியில் ஓடும் சின்ன டிரான்ஸிஸ்டர் ஒன்றில் சிற்றலையை வைத்து, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மலிவு எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், டெலிவிஷன் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கத்தும். இத்தனை பேரையும் கத்தவிட்டு, நடுவில் உட்கார்ந்திருக்கும் கிழவனைப் பார்த்து 'உனக்குக் காது போய்விட்டது' என்கிறோம்.

அந்தக் கிழவனுக்குக் காதாவது கொடுத்தோமா? பெட்டியின் முதுகில் ஏரியலுக்கும் எர்த்துக்கும் துளை வைத்துத்தானே செய்தான்? அதில் ஒரு முழம் ஒயரைச் செருகி ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டு உலகம் கேட்க வேண்டுமென்றால் எப்படி? மொட்டை மாடியில், மின்சாரக் கம்பிக்கு எட்டாத தூரத்தில், 10 அல்லது 15 மீட்டர் செப்புக் கம்பியை இரு முனையிலும் பீங்கான் கட்டி வைத்து இழுத்துக் கட்ட வேண்டும். இடி மின்னல் என்றால் கழற்றிவிட வேண்டும். எர்த்துக்குத் தண்ணீர்க் குழாய் என்பது அந்நாள் யோசனை; இன்றைய குழாய் பிளாஸ்டிக், அது மண்ணுக்குப் பாலமாகாது. ஈர மண்ணில் அடித்த இரும்புக் குழாய்தான் உத்தமம். வீட்டு மின்சார எர்த்தில் கட்டினால், எந்த இரைச்சலுக்கு ஓடினோமோ அதையே அழைத்து வந்ததாகும். ஒரு எச்சரிக்கை: ஏ.சி./டி.சி. ரகப் பெட்டிகளில் சேஸிஸே மின்சாரத்தோடு ஒட்டியிருக்கும். விஷயம் தெரிந்தவரிடம் காட்டாமல் அதில் எதையும் கட்டாதீர்கள்.

அடுத்தது நேரம். உச்சி வெயிலில் 49 மீட்டரைத் திருகி, தூர தேசத்தைக் காணோம் என்பவர்கள், நடுப்பகலில் நட்சத்திரம் தேடுகிறவர்கள். வெயில் இருக்கும்வரை வானத்தின் கீழ் அடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடும். பகலில் 16, 19 மீட்டர். இருட்டியபின் 41, 49 மீட்டர். அந்திக்கும் விடியலுக்கும் 25, 31 மீட்டர். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் தீர்ப்பு எழுதுகிறோம்.

ரிப்பேர்க்காரர்களில் ஒரு ஜாதியையும் சொல்லியாக வேண்டும். பெட்டியைத் திறந்ததும் ஸ்க்ரூ டிரைவரால் கண்ட திருகை எல்லாம் திருகுவார்கள். அலைவரிசைப் பொருத்தம் அதோடு போயிற்று. பெரும்பாலும் முதலில் கெடுபவை வால்வுகள் அல்ல; மெழுகுக் காகிதக் கண்டென்சர்களும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களும்தான். பாண்டு ஸ்விட்சில் ஏறிய அழுக்கு இன்னொன்று. இவற்றைக் கவனித்தாலே பல பெட்டிகள் பேசிவிடும். பரணில் இருபது வருஷம் கிடந்ததை அப்படியே பிளக்கில் செருகுவதோ, கொலை.

"இத்தனை பாடு எதற்கு? இன்டர்நெட்டில் தெளிவாகக் கேட்கிறதே" என்பார்கள். கேட்கிறது, யாரும் ஒயரைப் பிடுங்காதவரை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரத்தில் இன்டர்நெட்டும் டெலிபோனும் நிறுத்தப்பட்டபோது, பி.பி.சி. சிற்றலையில் ஹிந்திச் செய்தி நேரத்தைக் கூட்டி, உருதுச் செய்தியையும் தொடங்கியது. 2022 மார்ச்சில் உக்ரேனில் குண்டு விழுந்தபோது, அங்கேயும் தினம் நாலு மணி நேரம் சிற்றலையைத் திறந்தது. செத்துப்போனது என்று சொல்லப்பட்ட அலையைத்தான் ஆபத்தில் தேடினார்கள். சிற்றலையை இரைச்சலால் மறிக்கலாம். ஆனால் கேட்கிறவன் யார், எந்த ஊர், எத்தனை நேரம் கேட்டான் என்று எவனும் கணக்கு வைக்க முடியாது. இந்தச் சுதந்திரத்தைக் காயலான் கடையில் எடைபோட்டு விற்கிறோம்.

ஆகவே, குடலைப் பிடுங்குமுன் ஒரு சாயங்காலம் செலவழியுங்கள். கம்பி கட்டுங்கள், எர்த் அடியுங்கள், சார்ஜர்களைப் பிடுங்குங்கள், இருட்டும்வரை பொறுங்கள். அப்புறமும் உலகம் பேசாவிட்டால் புளூடூத்தோ எதுவோ வைத்துக்கொள்ளுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.